அலெக்ஸாண்டரின் கல்

டொரொண்டோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் முன்னால் துர்க்கா காரை நிறுத்தியபோது, அலெக்ஸாண்டர் ஏற்கெனவே கீழே இறங்கி வந்து கண்ணாடிக் கதவுக்கு உட்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கறுப்புக் கோட், வெள்ளைச் சட்டை, கடும் நீலத்தில் டை. சப்பாத்து மினுங்கியது. எழுபதை நெருங்கும் மனிதர். வழக்கமாக ஒரு பழைய ஜக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாகத்தான் திரிவார். காருக்குள் ஏறி, கோட்டின் நுனி கதவுக்குள் அகப்படாமல் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன அங்கிள், டை எல்லாம்?"

"செத்தவீட்டுக்கெல்லே போறன் பிள்ளை. அதுவும் என்ர செத்தவீடு. வடிவாப் போக வேண்டாமே?"

சிரிக்கலாமா என்று துர்க்காவுக்குத் தெரியவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். நெடுஞ்சாலையில் ஏறி மேற்கே திரும்பிய பிறகு இருவரும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. துர்க்காவுக்கு அது பிடித்திருந்தது. மில்லிக்கனில் ஒரு மருந்துக்கடையில் நாள் முழுக்க மற்றவர்களின் வருத்தங்களைக் கேட்டு, எந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் எடுப்பது, எதைப் பின் எடுப்பது என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்ததும் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசிக்காமலே இருப்பவள் அவள். பேச்சில்லாத ஒருவரின் பக்கத்தில் இருப்பது அவளுக்கு ஓய்வு.

அலெக்ஸாண்டரைத் தெரிந்தவர்கள் அவரைக் 'கல்லுவைச்ச அலெக்ஸ்' என்பார்கள். முன்னால் சொல்வதில்லை. பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். மனுசனுக்கு உயிரோடு இருக்கும்போதே கல்லறை கட்டியாகிவிட்டது, இனிச் செத்தால் போய்ப் படுக்க வேண்டியதுதான் என்பார்கள். அந்தக் கல் அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்தின் வடக்கே, ஆஷ்பி மில்ஸ் என்ற சின்ன ஊரின் கத்தோலிக்க மயானத்தில் இருந்தது. அலெக்ஸாண்டர் யேசுரட்ணம் என்று அதில் வெட்டியிருந்தது, மேலே ஒரு சிலுவை. கீழே கிடப்பவர் துர்க்காவின் அப்பா சண்முகநாதன்.

இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் பஸ் டிப்போவில் ஒன்றாக வேலை செய்தவர்கள். அலெக்ஸாண்டர் முதலில் வெளிக்கிட்டு, எண்பதுகளின் நடுவில் டொரொண்டோ வந்து சேர்ந்தார். வந்ததும், அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுபோல, தன் பாஸ்போர்ட்டை ஒருவரின் கையில் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார். ஒரு புத்தகத்தில் மூன்று நான்கு பேர் வந்த காலம். ஏஜென்சிக்காரன் படத்தை உரித்துச் சண்முகநாதனின் படத்தை ஒட்டினான். தலை மாற்றுவது என்று அதற்குப் பெயர். தலையை மாற்றினால் போதாது, ஆளும் மாற வேண்டும். எந்த நாட்டில் எந்த ஒபிசர் என்ன கேட்பான் என்று தெரியாது. ஒருவன் ஒரு பெடியனைச் செபம் சொல்லச் சொல்லிக் கேட்டு, அவன் முழிக்கத் திருப்பி அனுப்பினானாம் என்று ஒரு கதை அப்போது ஊரெல்லாம் திரிந்தது. அதனால் அலெக்ஸாண்டர் ஒரு கசெற்றில் பேசி அனுப்பினார். தகப்பன் பெயர், தாய் பெயர், தெருவின் பெயர், ஞானஸ்நானம் எடுத்த கோயில், படித்த பள்ளிக்கூடம். பிறகு சிலுவை போடும் முறை. பிறகு 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்ற செபம், ஒவ்வொரு வரியாக, நிறுத்தி நிறுத்தி. சைவக்காரனான சண்முகநாதன் வீட்டுச் சாமிப்படங்களுக்கு முன்னால் இருந்து அதைப் பாடமாக்கினார்.

அவர் சிக்காகோவில் இறங்கி, கனடா எல்லையில் உள்ள பஃபலோவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார். வழியில் பனிப்புயல். பஸ் ஆஷ்பி மில்ஸில் நின்றது. அவருக்குக் காய்ச்சல். பாதை திறந்து பஸ் புறப்பட்டபோது அவர் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கேயே செத்துப்போனார். பாஸ்போர்ட்டில் இருந்த பெயரை வைத்து ஊர் அவரை அடக்கம் செய்தது. அதே பஸ்ஸில் வந்து டொரொண்டோ சேர்ந்த ஒருவர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். அப்போது அலெக்ஸாண்டரின் அகதி வழக்கு அதே பெயரில் நடந்துகொண்டிருந்தது. செத்த அலெக்ஸாண்டரைத் தேடி உயிருள்ள அலெக்ஸாண்டர் போக முடியாது. ஒருவரும் போகவில்லை. இதெல்லாம் அவர்களை அறிந்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாரும் யாரையும் குற்றம் சொன்னதில்லை.

துர்க்காவின் அம்மா பேபி மட்டும் அந்தச் சாவை ஏற்றுக்கொள்ளவில்லை. கனடாவுக்கு வந்து சில வருடங்களுக்குப் பிறகு, துர்க்கா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, மாமா வினோதனின் வான் வண்டியில் அவர்கள் ஒருமுறை ஆஷ்பி மில்ஸுக்குப் போனார்கள். அம்மா கல்லுக்கு முன்னால் நின்று, எழுத்துக் கூட்டி அந்தப் பெயரை வாசித்தா. கற்பூரமும் பூவும் பையிலிருந்து வெளியே வரவேயில்லை. "இது அலெக்ஸண்ணையின்ர கல்லு. அவர் வெக்ஸ்போட்டில இருந்து சோறு தின்னுறார்" என்று சொல்லிவிட்டு வானுக்குத் திரும்பி நடந்தா. அதன்பிறகு செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. நெற்றியில் குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது. பிக்கரிங்கிலும் ஸ்கார்பரோவிலும் எத்தனை கலியாணவீடுகள். ஆரத்தி எடுக்க ஆள் தேடும்போது அம்மா இருக்கும் கதிரைப் பக்கம் வந்ததும் பெண்களின் கண்கள் வேறு பக்கம் திரும்பும். அம்மா அதைக் கண்டும் காணாததுபோல் இருப்பா. பக்கத்தில் இருக்கும் துர்க்காவுக்குத்தான் முகம் சுடும்.

போன கோடையில் அம்மாவுக்கு நெஞ்சில் ஒப்பரேசன் நடந்தது. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு பிள்ளை கொம்பியூட்டரைப் பார்த்தபடி, கலியாணம் கட்டியவரா, கணவர் இருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. துர்க்கா மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள், அம்மா தானே ஆங்கிலத்தில் "விடோ" என்றா. விதவை என்பதற்கான அந்தச் சொல்லை அம்மா எங்கே பிடித்து வைத்திருந்தா என்று துர்க்காவுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு, கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னா.

"பிள்ளை, உந்தக் கல்லை மாத்து. அப்பான்ர பேரைப் போடு. சிலுவையை எடுக்கச் சொல்லு. அதுக்குப் பிறகு அந்தியேட்டியைச் செய்வம். இன்னொரு ஒப்பரேசன் இருக்கெண்டு சொல்லுறாங்கள். அதுக்குள்ள போக முந்தி இதைச் செய்துபோட்டுப் போகவேணும்."

துர்க்கா ஆஷ்பி மில்ஸ் கத்தோலிக்கக் கோயிலுக்கு போன் எடுத்து, மயானத்தில் ஒரு கல்லைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வரச்சொன்னார்கள். அலெக்ஸாண்டர் தானும் வருவதாகச் சொன்னார். கல்லில் உள்ள பெயருக்கு உரியவன் உயிரோடு வந்து நின்றால் யாரும் மறுத்துப் பேச முடியாதே என்றார்.

எல்லையில் ஒபிசர் இருவரின் பாஸ்போர்ட்டையும் வாங்கி, குனிந்து அவர் முகத்தைப் பார்த்து, அலெக்ஸாண்டரா என்று கேட்டான். ஓம் என்று சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. கடந்து வந்த பிறகு, இன்றைக்கும் பிள்ளை, பேரைக் கேட்டாலே பொய் சொல்லுறமாதிரிக் கிடக்கு என்றார். அதற்குப் பிறகு மிச்சிகன். அறுவடை முடிந்த சோள வயல்கள், தானியக் கோபுரங்கள், ஒரே அளவில் திரும்பத் திரும்ப வந்தன. நிலத்தில் ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. எதையும் ஒளித்து வைக்க இடமில்லாத நிலம் என்று துர்க்கா நினைத்துக்கொண்டாள்.

ஊர் அவள் நினைவில் இருந்ததைவிடச் சுருங்கிப்போயிருந்தது. பெரிய தெருவில் பாதிக் கடைகளுக்குப் பலகை அடித்திருந்தது. கோயில் அலுவலகம் இன்னும் திறக்கவில்லை. எதிரே பழைய ரெயில்வே ஸ்டேசனை ஊர் மியூசியமாக ஆக்கியிருந்தார்கள். வாசலில் திறந்திருக்கிறது என்று அட்டை தொங்கியது. குளிராக இருந்ததால் உள்ளே போனார்கள்.

எண்பது கடந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கதிரையிலிருந்து எழும்பி வந்தா. மார்லீன் என்று தன்னைச் சொன்னா. வேறு பார்வையாளர்கள் இல்லை. வருகிறவர்களை விடாமல் பிடித்துக் கதை சொல்லும் ஆவல் அவவின் கைகளில் தெரிந்தது. இந்த ஊர் ஒருகாலத்தில் புதினா இனத்து மிளகுக்கீரைப் பயிரால் வாழ்ந்தது, சுற்றிவர வயலெல்லாம் அதுதான், காய்ச்சி எண்ணெய் எடுத்து ரெயிலில் ஏற்றினார்கள் என்று சொல்லி, ஒரு சின்னப் போத்தலைத் திறந்து அலெக்ஸாண்டரின் மூக்குக்குக் கிட்டப் பிடித்தா. அவர் கண்ணை மூடி இழுத்தார். "கோடாலித் தைலம்" என்றார் துர்க்காவிடம். மார்லீன், அவர் என்ன சொன்னார் என்று கேட்க, எங்களுடைய வீடுகளிலும் இந்த மணம் இருக்கும் என்று துர்க்கா சொல்லிவைத்தாள். ஆலை எரிந்த படம், ஆறு பெருகிய படம், போருக்குப் போன பெடியளின் படங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் மார்லீன் நின்று நிதானமாகச் சொன்னா. இந்த ஊரில் நடந்தவை மிகக் கொஞ்சம், அதனால் ஒன்றையும் மறக்கவில்லை என்று தோன்றியது.

கடைசிச் சுவரில் அந்தப் படம் இருந்தது. சன்னல் வரைக்கும் பனியில் புதைந்த ஒரு பஸ். கோயில் மண்டப வாசலில் சூப்புப் பானைகளோடு நிற்கும் பெண்கள். அதன் கீழே ஒரு சிறிய அட்டையில், பயணிகளில் ஒருவரான இலங்கையைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் தங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார் என்று எழுதியிருந்தது. இறந்துவிட்டார் என்று எழுதவில்லை. துர்க்கா அதை இரண்டு தரம் வாசித்தாள். இவர் என்னுடைய அப்பா என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

மார்லீன் பக்கத்தில் இருந்த வாங்குப் பலகையைத் தடவி உட்கார்ந்தா. கொஞ்ச நேரம் அவளையே பார்த்தா. அலெக்ஸாண்டரின் மகளா என்று கேட்டா. துர்க்கா மறுத்துச் சொல்லவில்லை. கூட வந்தவர் அங்கிள் என்று மட்டும் சொன்னாள்.

நான் அப்போது நேர்ஸாக இருந்தேன் என்று மார்லீன் சொன்னா. ஆஸ்பத்திரி இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். பெரிய நகரத்துக்குக் கொண்டுபோகப் பாதை இல்லை. நெஞ்சு முழுக்கச் சளி அடைத்திருந்தது. தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். அவர் ஒரு நல்ல நோயாளி, எதையும் கேட்கவில்லை, ஊசி போடும்போது நன்றி சொல்வார். ஒரு விசயம்தான் தனக்கு விளங்கவில்லை என்றா. அலெக்ஸாண்டர் என்று கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டார். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் கிடந்துவிட்டு, பிறகு திடுக்கிட்டு, ஓம் ஓம் என்பார். காய்ச்சல் அப்படி ஆக்கும் என்று டொக்டர் சொன்னாராம்.

கடைசி நாள் பாதிரியார் வந்தார். கறுப்பு உடுப்போடு கட்டிலின் கால்மாட்டில் அவர் வந்து நின்றதும், அவ்வளவு நேரமும் கண்ணைத் திறக்காமல் கிடந்தவர் எழும்பி இருக்கப் பார்த்தார். மார்லீன்தான் முதுகில் தலையணை வைத்துத் தூக்கிவிட்டா. நோயாளி கையைத் தூக்கிச் சிலுவை போட்டார். பிறகு தன் மொழியில் செபத்தைத் தொடங்கினார். எந்தச் செபம் என்று அதன் தாளத்திலேயே பாதிரியாருக்கு விளங்கிவிட்டது. அவரும் ஆங்கிலத்தில் கூடச் சொன்னார். இருமல் வரும்போது நோயாளி நிறுத்துவார், நிறுத்திய இடத்திலிருந்து திரும்பத் தொடங்குவார். ஒரு சொல்லையும் விடக்கூடாது என்று, பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்ட பிள்ளையைப்போல. பாதிரியாரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடித்ததும், சரியா என்பதுபோல் பார்த்தார். பாதிரியார் அவர் தலையில் கை வைத்தார். அதற்குப் பிறகுதான் படுத்தார். எத்தனையோ பேர் சாவதைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு செபத்தை நான் பார்த்ததில்லை என்றா மார்லீன். அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் அவருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறாவாம்.

துர்க்கா சுவரில் இருந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். கறுப்பு உடுப்போடு ஒருவர் வந்து கால்மாட்டில் நிற்கிறார். அப்பாவுக்கு அவர் யார்? இவ்வளவு தூரம் கடந்துவந்த பிறகு, கடைசியாக ஒரு ஒபிசர். கேள்வி கேட்கப்போகிறான். பிழைவிட்டால் தான் மட்டுமல்ல, டொரொண்டோவில் இருக்கிற சிநேகிதனும் பிடிபடுவான். அதற்காகத்தான் எழும்பியிருந்தாரா? அல்லது அந்த நேரத்தில், வாயில் வந்த செபம் உண்மையாகவே செபமாகிவிட்டதா? கேட்டு அறிய அந்த அறையில் இருந்தவர்களில் மார்லீன் மட்டும்தான் மிச்சம், அவவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அலெக்ஸாண்டர் ஆங்கிலத்தை முழுவதும் விளங்கிக்கொண்டாரா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் டையைத் தளர்த்திக்கொண்டிருந்தார். 

"நான் ரெண்டு தரம் சொல்லிக் குடுத்தனான்" என்றார் தமிழில், யாருக்கும் இல்லாமல். "கசெற்றின்ர ரெண்டு பக்கத்திலயும். ஒரு பக்கம் அறுந்தாலும் மற்றப் பக்கம் இருக்கட்டும் எண்டு."

மயானத்துக்கு மார்லீனும் வந்தா. கோட்டைப் போட்டுக்கொண்டு, வாசல் அட்டையைத் திருப்பிவிட்டு, ஒரு பழைய துணியையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டா. மேப்பிள் சருகுகள் கல்லின் அடியில் குவிந்திருந்தன. சுற்றியிருந்த கல்லுகளைவிட இந்தக் கல் துப்புரவாக இருந்தது. மார்லீன் சருகைக் காலால் ஒதுக்கி, குனிந்து துடைக்கத் தொடங்கினா. அலெக்ஸாண்டர் கொஞ்சம் தள்ளி, கைகளை முன்னால் கோர்த்துக்கொண்டு, தன் பெயரையும் தன் தகப்பனின் பெயரையும் பார்த்தபடி நின்றார். கோயில் அலுவலகத்தின் முன்னால் ஒரு கார் வந்து நிற்பது மரங்களுக்கிடையால் தெரிந்தது. துர்க்கா சற்று விலகிப்போய் அம்மாவுக்கு போன் எடுத்தாள்.

"மாத்தியாச்சோ?" என்றா அம்மா.

"இல்லையம்மா. இன்னும் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை."

பிறகு மார்லீன் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தலையணை வைத்துத் தூக்கிவிட்டதை, இருமலை, சரியா என்று பார்த்ததை.   பிக்கரிங் வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"முழுக்கச் சொன்னவரோ?" என்று அம்மா கேட்டா.

"ஓமம்மா. முழுக்க."

"வீட்டில ஒருநாளும் முழுக்கச் சொல்லேல்லை. நடுவில சாப்பாட்டைப் பற்றி ஒரு இடம் வரும். அதில வந்தவுடனை சிரிச்சுப்போடுவார். நான்தான் பேசுவன், உயிர் போற விசயத்தில பகிடி விடாதேங்கோ எண்டு."

"அப்ப என்னம்மா செய்ய? இப்ப உள்ளுக்குப் போய்க் கதைக்க வேணும். என்னெண்டு சொல்லுறது?"

 அம்மா போனை வைக்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. துர்க்கா போனைக் காதிலிருந்து எடுத்து, கையிலேயே பிடித்துக்கொண்டு, கல்லுக்குக் கிட்ட வந்தாள்.

மார்லீன் துணியைப் பிழிந்து, முழங்காலில் கை ஊன்றி நிமிர்ந்தா. நிமிரும்போது அலெக்ஸாண்டர் கை கொடுத்தார். அவர் கையை விடாமலே, மன்னிக்க வேண்டும், உங்கள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன் என்றா அவ.

அலெக்ஸாண்டர் கல்லைப் பார்த்தார். ஈரமாக இருந்த கல்லில் எழுத்துக்கள் கறுத்துத் தெரிந்தன. அவர் துர்க்காவைப் பார்க்கவில்லை. இப்போது தான் ஏதாவது சொல்லலாம் என்று துர்க்காவுக்குத் தெரிந்தது. ஒரு வசனம் போதும். அவள் அந்த வசனத்தை மனதுக்குள் ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டிருக்கையிலேயே அவர் சொன்னார்.

"சண்முகநாதன்."

மார்லீன் காதைச் சரித்தா. இன்னொரு தரம் சொல்லச்சொன்னா. அவர் இந்தமுறை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு துண்டாக, அவவின் வாயைப் பார்த்தபடி சொன்னார். அவ அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, முதல் துண்டைச் சொன்னா. பிழைத்தது. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பத் தொடங்கினா. மரங்களுக்கிடையால் யாரோ அவர்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். துர்க்காவின் கையில் போன் இன்னும் வெட்டுப்படாமல் இருந்தது. கிழவியின் உதடுகள், குளிரில் புகை விட்டபடி, இரண்டாவது துண்டுக்கு வந்தன.